கடைசி பெஞ்சில் மூளும் கோபம்

2025 ஜனவரி. பாலக்காடு மாவட்டம் திருத்தாலா அருகே ஓர் அரசுப் பள்ளி. பறித்துவைத்த செல்போனைக் கேட்டு, முதல்வர் அறையிலேயே 'வெளியே வந்தால் தீர்த்துவிடுவேன்' என்று மிரட்டினான் பிளஸ் ஒன் மாணவன். அந்த வீடியோ கேரளமெங்கும் சுற்றியது. அடுத்த மாதமே தாமரசேரியில் மாணவர் மோதல், பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் உயிரிழந்தான். உடனே பழி 'மார்கோ' போன்ற வன்முறைப் படங்கள்மேல் விழுந்தது.

ரத்தம் தெறிக்கும் படங்களுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் தாமரசேரித் தகராறு எங்கே தொடங்கியது? டியூஷன் சென்டர் விழாவில் பிள்ளைகள் ஆடும்போது பாட்டு நின்றது; வேறு பள்ளிப் பையன்கள் கூச்சல்போட்டுக் கேலி செய்தார்கள். பலர் முன்னால் பட்ட அவமானம்தான் வினையானது.

இந்த அவமானத்தை வகுப்பறைக்குள்ளேயே தேடிய மலையாளப் படம், வினேஷ் விஸ்வநாத்தின் 'ஸ்தானார்த்தி ஸ்ரீக்குட்டன்' (2024). கடைசி பெஞ்சு ஸ்ரீக்குட்டனும் முதல் பெஞ்சு அம்பாடியும் பள்ளித் தேர்தலில் மோதுகிறார்கள். அஜு வர்கீஸின் ஆசிரியருக்குக் கடைசி பெஞ்சு என்றாலே இளக்காரம். பையன்களின் பகைக்கு எண்ணெய் ஊற்றுவது அந்த இளக்காரம்தான். நம் 'பசங்க' (2009) பகையின் வேரை வீட்டுச் சண்டையில் காட்டியது. ஸ்ரீக்குட்டன் அதை ஆசிரியரின் இளக்காரப் பார்வையில் காட்டுகிறது.

படத்தின் முடிவில் பெஞ்சுகள் அரைவட்டமாகின்றன. கொல்லம் வாளகம் பள்ளி அதை அப்படியே செய்து பார்த்தது. 2025 ஜூலையில் தமிழகக் கல்வித்துறையும் 'ப' வடிவ இருக்கைக்குச் சுற்றறிக்கை விட்டு, கழுத்து வலிக்கும் என்ற எதிர்ப்பு வந்ததும் நிறுத்திவைத்தது. நாங்குநேரியில் 2023இல் சாதிப் பகையில் சக மாணவனை மாணவர்களே அரிவாளால் வெட்டிய சம்பவத்துக்குப் பின் அமைந்த நீதியரசர் சந்துரு குழுவும், மாணவர்களை அகர வரிசைப்படி உட்காரவைக்கச் சொன்னது. யார் எங்கே உட்காருவது என்பதில் சாதியும் இருக்கிறது.

சாதியைப் போல மொழியும் இருக்கிறது. கேரளத்தில் கொழிஞ்சாம்பாறையிலும் மூணாறு, பீர்மேட்டிலும் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. அங்கே படிப்பவர்கள் மலையாள மாநிலத்தில் மொழிச் சிறுபான்மை. மலையிலோ பலர் எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து வருபவர்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவனை 'உனக்கெல்லாம் எதுக்குடா படிப்பு' என்று கேட்டால், கடைசி பெஞ்சுக்கும் பின்னால் தள்ளியதாகத்தான் அர்த்தம்.

பிரிட்டனில், பதின்வயதுச் சிறுவனின் வன்முறையைப் பேசும் 'அடோலசன்ஸ்' தொடரைப் பள்ளி மாணவர்களுக்கு இலவசமாகக் காட்ட ஏற்பாடு செய்தார்கள். ஸ்ரீக்குட்டனைப் பள்ளியில் நீங்கள் திரையிடுவதானால், முதலில் ஆசிரியர் அறையில் திரையிடுங்கள்.