உலோகத்தின் உள்ளமைப்பு

உழவர் கையிலுள்ள கதிர் அரிவாள் பார்வைக்குப் பிளவற்ற ஒரே உடலாகத் தோன்றும். ஆயினும், அதன் முகத்தை மெருகிட்டு, மெல்லிய அமிலத்தாற் சிறிது அரிக்கச் செய்து, நுண்ணோக்கியின் வழியே காண்பார்க்கு அஃது எண்ணிறந்த படிகங்களின் தொகுதி என்பது விளங்கும். இம்முறையை 1863-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரத்து ஹென்றி கிளிப்டன் ஸார்பி என்பார் எஃகினிடத்துக் கையாண்டு வழிகாட்டினார்.

ஒவ்வொரு படிகத்தினுள்ளும் அணுக்கள் நிரல்பட நிற்கும்; அந்நிரல் நோக்கும் திசையோ படிகத்திற்குப் படிகம் வேறுபடும். படிகங்களின் அளவு, வடிவு, எல்லை, வகை ஆகியவற்றை நுண்ணமைப்பு என்போம். அவற்றுட் பல ஒரே திசை நோக்கி அமைந்திருத்தலைத் திசையொழுங்கு என்போம். எம்மூராகிய மானாம்பதியின் வயல்வெளியில் இதற்கு உவமை எளிதிற் கிடைக்கும். களத்திற் குவித்த நெல்லில் மணிக்கொரு திசை. அரிந்து கட்டிய கட்டிலோ தாளெல்லாம் ஒரே திசை.

இதனை அறிவதாற் பயன் யாதெனின், ஒரு பொருளின் குணம் அதிற் கலந்தவற்றால் மட்டும் அமைவதன்று என்பதே. தமிழ்நாட்டு மேல்சிறுவள்ளூர் முதலிய இடங்களிற் பண்டைக் கொல்லர் மூசையிலிட்டு ஆக்கிய எஃகு, ‘ஊட்ஸ்’ என்னும் பெயரால் மேனாட்டிற் புகழ்பெற்றது. 1819-இல் அவ்வெஃகை ஆராய்ந்த மைக்கேல் பாரடே, சிறிதளவு கலந்த அலுமினியம் முதலியவற்றை அதன் சிறப்பிற்குக் காரணமாகக் கருதினார். பிற்காலத்து நுண்ணோக்கியோ, அவ்வெஃகால் அடித்த வாளின் அலைவரிகள் இரும்புக் கார்பைடுத் துகள்கள் வரிசைப்படுதலால் விளைவன எனக் காட்டிற்று.

திசையொழுங்கின் பயன் எம்மூர்த் தெருவிலேயே நிற்கின்றது. கிணற்று மோட்டார்களுக்கு மின்சாரம் ஊட்டும் மின்மாற்றியின் உள்ளகம், பெரும்பாலும் நூற்றுக்கு 3 பங்கு அளவிற் சிலிக்கன் கலந்த எஃகுத் தகடுகளால் ஆயது. இரும்புப் படிகத்தின் அடிப்படைக் கட்டம் கனசதுரம். அதன் விளிம்பின் வழியே காந்தம் எளிதிற் செல்லும். தகட்டைக் குளிர்நிலையில் உருட்டியும், சூடேற்றி ஆற்றியும், அவ்விளிம்புகளைத் தகட்டின் நீளவாக்கில் நிறுத்தும் வழியை 1934-இல் நார்மன் காஸ் என்பார் வெளியிட்டார். அத்தகட்டைக் குறுக்கே வெட்டிப் பொருத்துவோமாயின், எடையும் கலப்பும் ஒத்திருந்தும் மின்சாரம் வெப்பமாகி மிகுதியும் வீணாகும். அவ்விழப்பு ஊரார் பொருளின் இழப்பேயாம். இக்காலத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கி படிகந்தோறும் திசையை அளந்து, வண்ணப்படமாகவே வரைந்து தருகின்றது.

ஆகலின், ‘இதில் என்ன கலந்துளது?’ என வினவுவதோடு அமையாது, ‘எவ்வாறு அடுக்கப்பட்டுளது?’ எனவும் வினவுதல் வேண்டும். சொல் ஒன்றாயினும் யாப்பு வேறாயிற் பாட்டு வேறாதலைக் கற்கும் நமக்கு, இவ்வுண்மை அயலானதன்று.