துருவேறா உருக்கும் துருவும்: இரயில் பெட்டிகளின் கூடு அரிப்புறுதல்

இரும்பு, காற்றிலுள்ள பிராணவாயுவுடனும் ஈரத்துடனும் சேரும்பொழுது செம்பழுப்பு நிறமுள்ள துருவாக மாறுகிறது. இம்மாறுதலால் விளையும் நஷ்டத்தை நன்கு உணர்ந்த துறைகளுள் இரயில்வே ஒன்றாகும்.

ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் செல்லும் இருப்புப்பாதையில், குப்பத்தை அடுத்துள்ள சிறு நிலையம் குடுபல்லி. இவ்வழியே நீண்ட காலம் ஓடிய பழைய வகைப் பெட்டிகளுக்கும், 2022 நவம்பரில் ஓடத் தொடங்கிய சென்னை–மைசூர் வந்தே பாரத் வண்டிக்கும் உள்ள முக்கிய வேறுபாடுகளுள் ஒன்று, அவற்றின் கூடு எந்த உலோகத்தால் ஆயது என்பதாகும்.

1955 அக்டோபர் 2-ஆம் நாள் திறக்கப்பெற்ற பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலை, ஸ்விஸ் நாட்டு அமைப்பைப் பின்பற்றிச் சாதாரண உருக்குத் தகடுகளால் பெட்டிகளைக் கட்டத் தொடங்கியது. பின்னர், செம்பும் குரோமியமும் சிறிதளவு கலந்த உருக்கு பயன்படுத்தப்பட்டது. இவ்வகை உருக்கின் மீது படரும் துரு அடர்த்தியாக ஒட்டிக்கொண்டு உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும். ஆனால் அவ்வாறு காப்பதற்கு, அது நனைந்தபின் உலர்தல் வேண்டும். கழிப்பறைகளின் அடியிலும் வாயில்களின் கீழும் ஈரம் உலர்வதேயில்லை. ஆகவே, பெட்டியின் சுமையைத் தாங்கும் அடிச்சட்டமே அவ்விடங்களில் அரிக்கப்பட்டது. திருப்பதியிலுள்ளது போன்ற பழுதுபார்க்கும் தொழிற்சாலைகளில், அரித்த பகுதிகளை வெட்டி நீக்கிப் புதிய தகடு பொருத்துவது பெரும் பணியாயிற்று. பெரம்பூரில் அப்பழைய வகைப் பெட்டிகளின் உற்பத்தி 2018-இல் நிறுத்தப்பட்டது. அவற்றின் இடத்தைத் துருவேறா உருக்கினாலான பெட்டிகள் பெற்றுள்ளன.

நம் இல்லங்களில் ‘எவர்சில்வர்’ எனப்படுவதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. நூற்றுக்கு ஏறக்குறைய பத்தரைப் பங்கேனும் குரோமியம் கலந்த உருக்கில், அக்குரோமியம் பிராணவாயுவுடன் கூடி, கண்ணுக்குப் புலனாகாத ஒரு படலமாக மேற்பரப்பை மூடுகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அவற்றுள் சில பங்குகளே இதன் கனம். கீறல் விழுந்தாலும், காற்றுப் பட்டவுடன் இப்படலம் மீண்டும் உண்டாகிறது. இதுவே இவ்வுருக்கின் சிறப்பு. அமெரிக்காவில் 1934-இல் இதனால் கட்டப்பெற்ற ‘பயனீர் ஸெஃபிர்’ என்னும் இரயில் வண்டி, சிகாகோ நகரக் காட்சிசாலையில் இன்றும் உள்ளது.

எனினும், துருவேறா உருக்கு எந்நிலையிலும் துருவேறாது என்று எண்ணுதல் தவறு. படலம் நிலைத்திருக்கும்வரையில்தான் அதற்குப் பாதுகாப்பு உண்டு. அதற்கு மூன்று வகைகளில் கேடு நேரலாம்.

முதலாவது, அயல் இரும்பு. தண்டவாளமும் சக்கரமும் உராய்வதால் எழும் நுண்ணிய இரும்புத் தூள், பெட்டியின் பக்கங்களில் படிந்து துருவேறுகிறது. சாதாரண உருக்கைச் சாணை பிடிக்கையில் தெறிக்கும் பொறிகளும், இரும்புக் கம்பித் தூரிகைகளும் இதே விளைவைத் தருகின்றன. இத்தகைய கறை தொடக்கத்தில் கூட்டின் துரு அன்று. அதன்மேல் வந்து படிந்த துருவேயாகும். ஆயினும் நெடுநாள் விட்டுவைத்தால், அதன் அடியில் அரிப்புத் தொடங்கக்கூடும்.

இரண்டாவது, உப்பு. எவர்சில்வர் பாத்திரத்தில் உப்புநீரைப் பல நாட்கள் வைத்திருந்தால் அடியில் ஊசிமுனை போன்ற குழிகள் தோன்றுவதுண்டு. உப்பிலுள்ள குளோரைடு, படலத்தை ஆங்காங்கே துளைப்பதே இதற்குக் காரணம். கழிப்பறைகளைக் கழுவப் பயன்படும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இதனினும் கொடியது. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடுக்குகளில் அழுக்கும் நீரும் தங்கினால், அங்குப் பிராணவாயு போதிய அளவு செல்லாது, படலமும் புதுப்பிக்கப்பெறாது. காற்றில்லாத இடமே இவ்வுருக்கிற்குப் பகையான இடமாகும்.

மூன்றாவது, பற்றவைத்தலால் எழும் வெப்பம். பற்றவைத்த இடத்தின் ஓரங்களில் மஞ்சளும் நீலமுமான நிறங்கள் தோன்றும். அந்நிறத்தின் அடியிலுள்ள மெல்லிய பகுதியில் குரோமியம் குறைந்துபோயிருக்கும். அதனை அகற்றித் தூய்மை செய்யாவிடின், துரு அங்கேயே முதலில் காணப்படும்.

குரோமியத்தின் அளவும் கவனிக்கத்தக்கது. விலை குறைந்த வகைகளில் அது நூற்றுக்குப் பதினொன்று, பன்னிரண்டு பங்கே இருக்கும். நிக்கலும் பதினெட்டுப் பங்கு குரோமியமும் கொண்ட வகைகளைப் போல் இவை கேட்டைத் தாங்குவதில்லை. ஆகையால் இவற்றாலான பக்கத் தகடுகளுக்கு வர்ணப் பூச்சு அவசியம்.

எனவே பழுப்புக் கறையைக் கண்டவுடன், அது எவ்வகையினது என்று அறிதல் முதற் கடமை. மென்மையான சோப்பு நீரினால் கழுவித் துடைத்தபின் பரப்பு மென்மையாக இருப்பின், அது பெரும்பாலும் வந்து படிந்த கறையே. குழிகள் தென்பட்டால், அரிப்பு உள்ளே சென்றுவிட்டது என்று கொள்ளவேண்டும். துருவேறா உருக்கிற்கெனத் தனித் தூரிகைகளும் சாணைக் கற்களும் வைத்திருத்தல், அமிலம் பட்ட இடத்தை உடனே நல்ல நீரால் கழுவுதல், நீர் வடியும் துளைகள் அடைபடாமல் காத்தல் ஆகியவை அதிகச் செலவில்லாத முறைகள்.

பளபளக்கும் வெளிப்புறத்தைக் கண்டு பெட்டி முழுவதும் நலமென்று முடிவு செய்தலாகாது. பயணிகளின் பாரத்தைத் தாங்குவது கண்ணில் படாத அடிச்சட்டமே. உயர்ந்த உலோகத்தைத் தேர்ந்தெடுப்பதால் பராமரிப்பு வேலை குறையலாம். பராமரிப்பின் தேவை நீங்கிவிடுவதில்லை.