பண்டிகை விருந்தும் வாசல் நாயும்

தீபாவளியன்று நமுனுகுல மலைச்சரிவிலுள்ள தோட்ட லயன்களில் ஆட்டிறைச்சியோ கோழியோ வேகாத அடுப்பைக் காண்பது அரிது. பண்டிகை முற்பணத்தில் வாங்கிய இறைச்சியை வீட்டார் உண்டு முடித்ததும் எஞ்சிய கொழுப்பும் தோலும் எலும்பும் வாசலில் காத்திருக்கும் நாய்க்குப் போய்ச் சேர்கின்றன. ஆண்டு முழுவதும் சோறும் குழம்பும் தின்று காவல் காத்த பிராணிக்கும் ஒரு நாள் நல்ல சாப்பாடு கிடைக்கட்டுமே என்ற எண்ணம் இயல்பானது. அதில் குறை காண்பது எமது நோக்கமன்று. எனினும் மறுநாள் அந்த நாய் உணவை ஏறெடுத்தும் பாராமல், வாந்தியெடுத்து மூலையில் சுருண்டு கிடக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பதை நாம் அறிந்து வைத்திருப்பது அவசியமாகும்.

முதலில் நாயின் நிறையைக் கவனிக்க வேண்டும். ஐந்து கிலோகிராம் நிறையுள்ள பொமரேனியன் கலப்பு நாயொன்றுக்கு ஒரு நாளைக்குத் தேவையான சக்தி ஏறத்தாழ 350 கிலோ கலோரி மாத்திரமே. வெறும் 40 கிராம் கொழுப்பில் அத்தனையும் அடங்கிவிடுகிறது. நமக்கு ஒரு வாய்க் கொழுப்பாகத் தெரிவது அதற்கு முழுநாள் உணவாகும். இருபது கிலோ நிறையுள்ள காவல் நாய் தின்று செரித்துவிடும் அளவு சிறிய நாயைப் படுக்கையில் தள்ளிவிடுவது இதனால்தான்.

பல வேளைகளில் ஓரிரு தடவை வாந்தியும் வயிற்றோட்டமும் ஏற்பட்டுத் தாமாகவே அடங்கிவிடுகின்றன. அஞ்ச வேண்டியது சதையி எனப்படும் கணையத்தின் அழற்சியையே. உணவைச் செரிக்கச் செய்யும் நொதியங்கள் குடலைச் சென்றடைவதற்கு முன்னரே கணையத்துக்குள் செயற்படத் தொடங்கி, அந்த உறுப்பையே தாக்குகின்றன. இதன் அறிகுறிகள் உண்ட அன்றே தோன்ற வேண்டுமென்பதில்லை. இரண்டு மூன்று நாட்கள் கழிந்தும் தலைகாட்டலாம். வாந்தி நிற்காது, வயிற்றைத் தொட்டால் நாய் முனகும், முன்னங்கால்களைத் தரையில் நீட்டிப் பின்பகுதியை உயர்த்தி நிற்கும். சோம்பல் முறிக்கிறது என்று இந்த நிலையை அலட்சியம் செய்வோர் உண்டு. அது வயிற்று வலியின் அடையாளமாக இருக்கலாம்.

கொழுப்பு ஒருபுறமிருக்க, நமது சமையலறையில் நாய்க்கு நஞ்சாகும் பொருட்களும் உள்ளன. நத்தார் கேக்கில் சேர்க்கும் உலர்ந்த திராட்சை, அதாவது கடையில் 'பிளம்ஸ்' என்று கேட்டு வாங்குவது, நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. எவ்வளவு தின்றால் ஆபத்து என்று உறுதியாகக் கூற முடியாத பொருள் இது. அதிலுள்ள தாத்தாரிக்கமிலமே காரணம் என 2021ஆம் ஆண்டில் அமெரிக்க மிருக வைத்திய நிபுணர்கள் கருத்து வெளியிட்டனர். புளியிலும் அதே அமிலம் மிகுதியாக உண்டு. புளியைத் தின்ற நாய்களிலும் இத்தகைய பாதிப்பு பதிவாகியுள்ளது. ஆகவே புளிக்கட்டியை எட்டாத உயரத்தில் வைப்பது நன்று. வெங்காயமும் வெள்ளைப்பூண்டும் சமைத்த பின்னரும் செங்குருதிக் கலங்களை அழிக்கும் தன்மையை இழப்பதில்லை. ஐந்து கிலோ நாய்க்கு 75 கிராம் வெங்காயம், அதாவது நடுத்தரமான ஒன்று, போதும். ஈறு வெளிறுவதும் சிறுநீர் கருஞ்சிவப்பாவதும் சில நாட்கள் கழித்தே தெரியவரும். பாற்சொக்கலேட் 50 கிராம் அளவில் அதே நாய்க்குத் தொல்லை தரலாம். கறுப்புச் சொக்கலேட்டில் அதனிலும் குறைந்த அளவே போதுமானது.

நாய் தின்றதைக் கண்டவுடன் நம்மவர் பெரும்பாலும் கைவைத்தியத்தில் இறங்குகின்றனர். உப்புக் கரைசலைப் பருக்கி வாந்தியெடுக்க வைப்பது மிகவும் தவறானது. குருதியில் உப்பு ஏறி வலிப்பும் மரணமும் நேரலாம். எண்ணெயை வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் இறங்கக்கூடும். கொழுப்பால் வந்த நோய்க்கு மேலும் கொழுப்பைக் கொடுப்பதாகவும் அது அமையும். வலிக்கிறதே என்று மனிதருக்குரிய பரசிற்றமோல் வில்லையைக் கொடுப்பது ஈரலைப் பாதிக்கும்.

செய்ய வேண்டியவை எளியவை. எஞ்சிய உணவை அகற்றி, நாய் எதை, எவ்வளவு, எத்தனை மணிக்குத் தின்றது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். நீரைச் சிறிது சிறிதாக அடிக்கடி வைக்கலாம். நாய் உற்சாகமாக இருந்து, ஓரிரு தடவை மாத்திரம் வாந்தியெடுத்திருந்தால் சில மணி நேரம் உணவை நிறுத்தி, பின்னர் குழைய வேகவைத்த சோற்றுடன் தோல் நீக்கி அவித்த கோழி இறைச்சியை உப்பும் எண்ணெயும் இன்றிச் சிறிய அளவில் கொடுக்கலாம். குட்டிகளை நீண்ட நேரம் பட்டினி போடலாகாது. குருதியில் சீனி குறைந்து மயங்கிவிடும். வாந்தி தொடர்ந்தாலோ, அதில் இரத்தம் கலந்திருந்தாலோ, வயிறு உப்பினாலோ, நாய் எழ மறுத்தாலோ காத்திருக்கக் கூடாது. மேற்கூறிய நஞ்சுப் பொருட்களைத் தின்றிருந்தால் அறிகுறி தோன்றும்வரை பார்த்திருப்பதும் தவறு. முதல் இரண்டு மணி நேரமே சிகிச்சைக்கு மிகவும் பெறுமதியானது.

இன்னொன்றையும் இங்கு குறிப்பிட வேண்டும். வாயில் நீர் வடிந்து விழுங்க முடியாமல் தவிக்கும் நாயின் தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது எனக் கருதிக் கையை நுழைப்பது உயிராபத்தானது. விசர்நாய் நோயும் அதே தோற்றத்தைத் தரும். கடியோ கீறலோ பட்டால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

நமுனுகுலவிலிருந்து நாயைத் தூக்கிக்கொண்டு பசறைக்கோ பதுளைக்கோ செல்வது ஒரு நாள் சம்பளத்தை இழப்பதாகும். முச்சக்கரவண்டிக் கூலி வேறு. அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் பெரிதும் மாடு, ஆடு, கோழி வளர்ப்போரை நோக்கமாகக் கொண்டவை. தீபாவளியும் நத்தாரும் அரச விடுமுறை நாட்கள். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலைக்கோ பல மணி நேரம் பயணிக்க வேண்டும். நாய் நோயுற்ற பின் அல்லாமல், பண்டிகைக்கு முந்திய வாரத்திலேயே அருகிலுள்ள வைத்தியரின் தொலைபேசி இலக்கத்தையும், விடுமுறையில் அவர் இருப்பாரா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளலாம். நாயின் நிறை, தின்ற பொருள், நேரம் ஆகிய மூன்றையும் தொலைபேசியில் சொன்னாலே, உடனே புறப்பட வேண்டுமா, விடியும்வரை பார்க்கலாமா என்பதை அவரால் பெரும்பாலும் கூறிவிட முடியும்.