பிறக்கும்போது பையன்... வளர்ந்தா அம்மா!

மீன் மார்க்கெட்டில் நாலடி நீளத்துக்கு ஒரு கொடுவா கிடந்தால், 'அடேங்கப்பா, என்னா சைஸு!' என்று வாயைப் பிளப்பீர்கள்தானே? அது ஆணா, பெண்ணா? கண்ணை மூடிக்கிட்டு 'பெண்'ணுனு சொல்லுங்க. ஒரு காலத்தில் ஆணாக இருந்த பெண்!

ரீல் இல்லைங்க, நிஜம். 'லேட்ஸ் கால்கரிஃபர்' என்பது இந்தக் கொடுவாவின் அறிவியல் பெயர். ஆஸ்திரேலியாவில் 'பாரமுண்டி'. அநேகமாக எல்லாக் கொடுவாவும் முதலில் ஆணாகத்தான் பருவத்துக்கு வரும். சில வருஷம் அப்பா ரோல். உடம்பு ஒரு மீட்டர் நீளத்தை நெருங்கும்போது பெண்ணாக மாறி, அம்மா ரோல்!

எதுக்கு இந்த டபுள் ஆக்ட்? சிம்பிள் லாஜிக்தான். விந்து தயாரிக்கச் சின்ன உடம்பே போதும். முட்டை சுமக்க வயிற்றில் இடம் வேணும். பெரிய தாய் மீன் ஒன்று கோடிக்கணக்கில் முட்டை வைத்திருக்கும்.

இன்னொரு விஷயம், கொடுவா ஒரே ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற டைப் இல்லை. ஆறு, உப்பங்கழி, பிச்சாவரம் மாதிரியான அலையாத்திக் காடு என்று எங்கேயும் வளரும். ஆனால், பிரசவத்துக்கு மட்டும் கடலை ஒட்டிய முகத்துவாரத்துக்கு வந்தே ஆகணும். முட்டை பொரிய உப்புத் தண்ணீர் தேவை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் முட்டையிடும். ஒரு நாளுக்குள்ளேயே குஞ்சு வந்துடும். அலையேற்றத்தில் உள்ளே வரும் குஞ்சுகளுக்கு அலையாத்தி வேர்கள்தான் எல்.கே.ஜி!

பசி வந்தால் கூடப்பிறந்ததையே விழுங்கிவிடும் பயங்கரப் பசங்க இவங்க. அதனால்தான் பண்ணைகளில் குஞ்சுகளை சைஸ் வாரியாகப் பிரித்துப் பிரித்து வளர்க்கிறார்கள்.

இப்போ மேட்டருக்கு வருவோம். பெருசு எல்லாம் அம்மா. அந்தப் பெருசுகளையே தேடித் தேடிப் பிடித்தால்? கூட்டத்தில் மிஞ்சுவது பசங்க மட்டும்தான். நம்ம மெக்கானிக்கல் கிளாஸ் மாதிரி! அடுத்த தலைமுறைக்கு முட்டை யார் போடுறது? முகத்துவாரத்தில் மணல் மூடிக்கொண்டால், இருக்கிற அம்மாவுக்கும் கடலுக்குப் போக வழியில்லை.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் இதற்கு சூப்பரா ஒரு ரூல் வெச்சிருக்காங்க. 58 செ.மீ-க்குச் சின்னதையும் பிடிக்கக் கூடாது, 120 செ.மீ-க்குப் பெரியதையும் பிடிக்கக் கூடாது. சின்னது அப்பாவாக ஒரு சான்ஸ், பெருசு அம்மாவாகவே இருக்க ஒரு சான்ஸ்.

'அப்போ கொடுவா குழம்பு கட்டா?' என்று பதறாதீங்க. சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-லேயே கொடுவாவைப் பண்ணைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு எடுத்துவிட்டது. குளத்தில் வளர்த்த, தட்டுக்கு அளவான கொடுவாவும் விற்பனைக்கு வருது.

ஸோ, அடுத்த தடவை வீட்டில் மீன் வாங்கப் போனால், 'வளர்ப்புக் கொடுவா இருக்காண்ணே?' என்று ஒரு வார்த்தை கேளுங்க. அந்த நாலடி அம்மா ஆற்றிலேயே இருக்கட்டுமே, ப்ளீஸ்!