கணிப்பொறியில் தமிழ் சிதையாதிருக்க

வேற்று மாநிலங்களில் குடியேறி வாழும் நம் குடும்பங்களில் தமிழ் எழுத்து இன்று எங்கே தங்கியிருக்கிறது என்று வினவினால், கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் என்றே விடை கூற வேண்டியிருக்கிறது. சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், பொங்கல் விழாவின் நன்கொடைக் கணக்கு, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பின் பாடங்கள், வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு எழுதிய பழம்பாடல்கள் ஆகியவை யாவும் இந்நாளில் காகிதத்தை விட்டுக் கோப்புகளாக மாறிவிட்டன. காகிதம் செல்லரித்தால் கண்ணுக்குத் தெரியும். கோப்பில் நேரும் சிதைவோ, அதைத் திறக்கும் நாள் வரையில் எவர்க்கும் தெரிவதில்லை.

இச்சிதைவைத் தடுக்கும் வழி கடினமானதன்று. நல்லதோர் உரைத்தொகுப்பியும், கட்டளை நிரல்களை நடத்தித் தரும் செயலி ஒன்றும் இருந்து, அவ்விரண்டையும் முறையாக இணைத்து வைத்துக்கொண்டால் போதும். இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை. பத்தாம் வகுப்புத் தேறி இரயில்வேயில் எழுத்தராக இருக்கும் நம்மைப் போன்றோர்க்கு இது எட்டாத வித்தை என்று நேயர்கள் எண்ண வேண்டா. சரக்குச் சீட்டு எழுதவும் பேரேடு சரிபார்க்கவும் எவ்வளவு பொறுமை வேண்டுமோ, அவ்வளவே இதற்கும் வேண்டும்.

மற்றொரு காரணமும் உண்டு. மத்திய கல்வி வாரியப் பாடத்திட்டத்தில் மேனிலை வகுப்புகளுக்குரிய கணிப்பொறி அறிவியல், பைத்தான் என்னும் மொழியைக் கொண்டே கற்பிக்கப்படுகிறது. ஆதலின் நம் பிள்ளைகளிற் பலர் பைத்தான் அறிவர். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறுவர். பெற்றோர் தமிழ் அறிவர். பைத்தான் என்றால் மலைப்பாம்பு என்று நினைப்பர். (அப்பெயர் பாம்பிலிருந்து வந்ததன்று, மாண்டி பைத்தான் என்ற ஆங்கில நகைச்சுவைக் குழுவின் பெயரிலிருந்து வந்தது.) இவ்விரு சாராரையும் ஒரே மேசையருகில் அமரச் செய்யும் வேலை இதைப் போல வேறொன்று நமக்குத் தென்படவில்லை.

கருவிகள் இரண்டு

உரைத்தொகுப்பி என்பது வெறும் எழுத்துகளை மட்டும் வைத்துக் காக்கும் கருவி. கடிதம் எழுதப் பயன்படும் வேர்டு போன்ற செயலிகள், எழுத்தின் பருமன், நிறம், ஓரம் முதலியவற்றையும் கோப்புக்குள் மறைத்து வைக்கின்றன. நிரலுக்கு அவை இடையூறு. எனவே நிரல் எழுத உரைத்தொகுப்பியே ஏற்றது. விண்டோஸ் கணிப்பொறி வைத்திருப்போர்க்கு நோட்பேடு பிளஸ் பிளஸ் என்பதை நாம் பரிந்துரைப்போம். டான் ஹோ என்பவர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட இக்கருவி அளவிற் சிறியது. பழைய கணிப்பொறியிலும் தளராது ஓடும்.

பைத்தான் மொழியை ஆக்கியவர் நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ராசம். 1991ஆம் ஆண்டில் அது முதன்முதல் வெளிவந்தது. தமிழ்ப் பணிக்கு முக்கியமானது 2008ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த மூன்றாம் பதிப்பு வரிசை. அதற்கு முந்திய வரிசையில் தமிழ் எழுத்தைக் கையாளுவது பெருந்தொல்லை. மூன்றாம் வரிசையில் எழுத்துச் சரங்கள் யாவும் யூனிகோடு முறையிலேயே அமைந்துள்ளன.

பைத்தானை நிறுவும்போது முதற்பக்கத்தின் அடியில் சிறு கட்டம் ஒன்று காணப்படும். பைத்தானைப் பாத் என்னும் வழிப்பட்டியலிற் சேர்க்கவா என்று அது கேட்கும். அதில் தவறாமல் குறியிட வேண்டும். ஊர் இருந்தும் கால அட்டவணையில் அதன் பெயர் இல்லாவிடில் பயணி என்ன செய்வார்? அவ்வாறே, பாத் பட்டியலில் இல்லாத பைத்தானை உரைத்தொகுப்பி தேடிக் காண மாட்டாது. தொடக்கத்திலேயே மனம் தளர்ந்து கைவிடுவோரிற் பலர் இந்த ஒரு கட்டத்தைக் கவனியாது விட்டவர்களே.

அகலப்பாதையும் மீட்டர்ப்பாதையும்

இனி, நாம் வற்புறுத்திச் சொல்ல வந்த செய்திக்கு வருவோம். கணிப்பொறிக்கு எழுத்து என்பது இல்லை, எண்ணே உண்டு. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்னும் உடன்பாட்டுக்குக் குறியாக்கம் என்று பெயர். இருப்புப்பாதையில் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர், மீட்டர்ப்பாதை 1,000 மில்லிமீட்டர். திருச்சி போன்ற சந்திப்புகளில் இருவகைப் பாதைகளும் இருந்த காலத்தில், ஒன்றில் வந்த சரக்கை இறக்கி மற்றொன்றில் ஏற்றியே அனுப்ப வேண்டியிருந்தது. இறக்கி ஏற்றும்போது உடைந்தவையும் தொலைந்தவையும் உண்டு. குறியாக்கம் மாறும்போது தமிழுக்கு நேர்வதும் அதுவே. இந்திய இரயில்வே ஒரே அகலப் பாதைத் திட்டத்தைத் தொடங்கிய 1992ஆம் ஆண்டிலேயே, கென் தாம்சன், ராப் பைக் என்னும் இருவர் யூடிஎஃப்-8 என்னும் குறியாக்கத்தை வகுத்தனர் என்பது ஓர் இனிய பொருத்தம். உலக மொழிகள் அனைத்தும் ஒரே பாதையில் ஓடுவதற்கு வழி வகுத்தது அது.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நிகழ்ந்ததைக் கூறுவோம். எண்பது வயதைக் கடந்த பாட்டியம்மையார் ஒருவர், தம் பிறந்த ஊரில் நடவுக்காலத்தில் பெண்கள் பாடிய பாடல்களை ஒரு கோடை விடுமுறை முழுதும் பேரனிடம் சொல்லிவந்தார். பேரனும் ஊக்கத்தோடு தட்டெழுதினான். கோப்பைச் சேமிக்கையில் ஆன்சி என்னும் பழைய குறியாக்கம் அமைந்திருந்தது. சில எழுத்துகள் இழக்கப்படும் என்று கணிப்பொறி எச்சரித்ததாம். பிள்ளை சம்மதம் என்று அழுத்திவிட்டான். அப்பழைய குறியாக்கத்தில் தமிழுக்கு இடமே இல்லை. எனவே ஒவ்வொரு தமிழ் எழுத்தும் கேள்விக்குறியாக மாறிப் பதிவாயிற்று. மறுநாள் திறந்தபோது பக்கம் பக்கமாய்க் கேள்விக்குறிகளே இருந்தன. அவற்றை மீட்க வழியில்லை. ஏனெனில், எழுத்துக்குரிய எண்ணே அழிந்துபோயிற்று. அம்மையார் கோபிக்கவில்லை. மறுபடியும் சொல்லத் தொடங்கினார். ஆனால் இரண்டாம் முறை சொல்லும்போது பாதிக்கு மேல் அவர் நினைவுக்கு வரவில்லை. அப்பாடல்களை அறிந்த வேறொருவர் இன்று அக்குடும்பத்தில் இல்லை.

ஆகவே நோட்பேடு பிளஸ் பிளஸை நிறுவியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, செட்டிங்ஸ் பட்டியில் பிரிஃபரன்சஸ் என்பதைத் திறந்து, புதிய ஆவணத்துக்குரிய குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா எனப் பார்ப்பதே. பழைய கோப்பைத் திறக்கும்போது சாளரத்தின் அடியில் வலப்புறம் எந்தக் குறியாக்கம் எழுதியிருக்கிறதென்று பார்ப்பதும் நல்வழக்கம். சைகையைப் பாராது வண்டியை எடுக்கும் ஓட்டுநர் உண்டோ?

உள்தள்ளலும் இயக்குபொத்தானும்

பைத்தானில் எந்த வரி எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பது, வரியின் தொடக்கத்தில் விடும் வெற்றிடத்தால் அறியப்படுகிறது. அவ்விடத்தை இடைவெளிப் பொத்தானாலும் விடலாம். டேப் பொத்தானாலும் விடலாம். இரண்டையும் முரணாகக் கலந்தால் பைத்தான் நிரலை ஏற்க மறுத்துவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றுவதால் காரணம் புரியாது திகைப்போம். பரிகாரம் எளிது. டேப் அழுத்தினால் நான்கு இடைவெளிகள் விழுமாறு பிரிஃபரன்சஸ் பகுதியிலேயே அமைத்துவிடலாம். வியூ பட்டியில் இடைவெளியையும் டேப்பையும் காட்டும் வசதியுண்டு; அதை இயக்கினால் இடைவெளி புள்ளியாகவும் டேப் அம்பாகவும் தெரியும்.

அடுத்து, எழுதிய நிரலைத் தொகுப்பியை விட்டு வெளியேறாமலே நடத்திப் பார்க்கும் ஏற்பாடு. எஃப்5 பொத்தானை அழுத்தினால் கட்டளை கேட்கும் சிறு பெட்டி தோன்றும். அதில் முதலில் சிஎம்டி, பின்னர் சாய்கோடும் கே என்னும் ஆங்கில எழுத்தும், பின்னர் பைத்தான், இறுதியில் நடப்புக் கோப்பின் முழு முகவரியைக் குறிக்கும் ஃபுல் கரண்ட் பாத் என்னும் மாறியை இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் எழுத வேண்டும். சிஎம்டி, கே ஆகிய இரண்டையும் விட்டுப் பைத்தானை மட்டும் அழைத்தால், நிரல் முடிந்த கணமே கறுப்புச் சாளரம் மறைந்துவிடும். பிழை என்னவென்று படிக்க இயலாது. மேற்கோள் குறி இடாவிட்டால், இடைவெளியுள்ள பெயர் கொண்ட உறையிலிருக்கும் கோப்பு அகப்படாது. அதே பெட்டியிலுள்ள சேமிப்பு வசதியால் இக்கட்டளைக்கு ஒரு பெயரும் குறுக்குவிசையும் தந்துவிட்டால், பின்னர் ஒரே தட்டில் நிரல் ஓடும். ஆனால் ஒவ்வொரு முறையும் முதலிற் கோப்பைச் சேமித்துக்கொள்ள வேண்டும். ஓடுவது வட்டில் சேமிக்கப்பட்ட பிரதியே தவிர, திரையில் திருத்தப்பட்டது அன்று.

கறுப்புச் சாளரத்தில் தமிழ் வெறுங்கட்டங்களாகத் தெரிந்தால் அஞ்ச வேண்டா. அச்சாளரத்தின் எழுத்துருவில் தமிழ் இல்லை என்பதே அதன் பொருள். விடையை ஒரு கோப்பில் எழுதச் செய்து அதைத் தொகுப்பியில் திறந்தால் தமிழ் செவ்வனே தோன்றும். கோப்பைத் திறக்கும் ஒவ்வோர் இடத்திலும் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று நிரலில் வெளிப்படையாக எழுதிவிடுவது நலம். எக்ஸெல் செயலியில் திறக்க வேண்டிய பட்டியலாயின், யூடிஎஃப்-8-சிக் என்று எழுத வேண்டும். இது கோப்பின் தலைப்பில் ஓர் அடையாளத்தை இடும். அவ்வடையாளம் இல்லாவிடில் எக்ஸெல் தமிழைத் தாறுமாறாகக் காட்டக்கூடும்.

என்ன செய்யலாம்?

முதற்பயிற்சியாகத் தமிழ் என்னும் சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டுப் பாருங்கள். ஐந்து என்று விடை வரும். நம் கண்ணுக்கு எழுத்து மூன்றே. த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்தாக யூனிகோடு எண்ணுகிறது. கோப்பிலோ ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டாகப் பதினைந்து பைட்டு இடம் பிடிக்கும். மெய்யும் உயிரும் கூடியே உயிர்மெய் ஆகிறது என்னும் பாடத்தைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல வாய்ப்பு உண்டோ?

அடுத்து, உறுப்பினர் பெயர்களை அகரவரிசைப்படுத்தலாம். இங்கும் ஒரு நுட்பம் உண்டு. யூனிகோடு அட்டவணையில் ல, ள, ழ, வ என்று எழுத்துகள் நிற்கின்றன. நம் நெடுங்கணக்கிலோ ல, வ, ழ, ள என்பதே முறை. எனவே வெறுமனே வரிசைப்படுத்தச் சொன்னால் கழனி முன்னும் கவிதா பின்னுமாக வரும். நெடுங்கணக்கு முறையை நிரலில் எழுதித் தந்தால் கவிதா முன்வருவாள். அம்முறையைச் சொல்லித் தர வேண்டியவர் பெற்றோர். நிரலாக எழுத வேண்டியவர் பிள்ளை.

பழைய பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டெழுதிய ஆவணங்கள் பல சங்கங்களில் முடங்கிக் கிடக்கின்றன. அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். எந்த ஆங்கில எழுத்துக்கு எந்தத் தமிழ் எழுத்து என்று ஒரு மாற்றுப்பட்டியல் செய்து, நிரலால் அவற்றை யூனிகோடாக மாற்றலாம். இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். பழைய எழுத்துருவில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஐகாரக்குறியும் மெய்க்கு முன்னே தட்டப்படும்; யூனிகோடில் அவை மெய்க்குப் பின்னே வரும். ஆதலின் இடம் மாற்றிப் போட வேண்டும். கொ, கோ போல இருபுறமும் குறியுள்ள எழுத்துகளை முதலில் மாற்றிவிட்டுப் பின்னரே ஏனையவற்றை மாற்ற வேண்டும். இல்லையேல் கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலுமாக நிற்கும். எதற்கும் முன்பாக மூலக் கோப்பின் நகலொன்றை வேறிடத்தில் வைத்துக்கொள்க.

இவ்வளவும் ஒரே நாளில் முடிய வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நிறுவுதல், மறு ஞாயிறு அமைத்தல், அதன்பின் வாரம் ஒரு சிறு நிரல் என்று போனால் ஒரு பருவத்துக்குள் கைவந்துவிடும். வீட்டில் தமிழ்க் கோப்பு ஒன்றேனும் வைத்திருப்போர், இன்றே அதைத் திறந்து குறியாக்கத்தைப் பார்த்துவிடும்படி வேண்டுகிறோம். கூடவே, உங்கள் பிள்ளையையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். பாட்டி சொல்வதைப் பேரன் எழுதட்டும்; எழுதியது நிலைக்கட்டும்.