பொது இடமும் ஓர் அமானிதமே

ஆனி, ஆடித் திங்களில் சாரல் தொடங்கிவிட்டால், குற்றாலத்துப் பேரருவியையும் ஐந்தருவியையும் நாடி மக்கள் வெள்ளமெனத் திரள்கின்றனர். நம் குடும்பங்களும் உணவுத் தேக்சாக்களோடு வேன் அமர்த்திச் சென்று, நீராடி, உண்டு, தொழுது, மாலையில் மன நிறைவோடு இல்லம் திரும்புகின்றன. திரும்பிய பின்னர் அவ்விடத்தில் எஞ்சுவது யாது? எச்சில் இலையும் எலும்பும் நெகிழிக் குவளையும் எஞ்சுமாயின், நாம் பெற்ற இன்பத்தின் சுமையைப் பிறர் தலையில் ஏற்றிவிட்டோம் என்பதே பொருள். குற்றாலத்தில் விழும் நீர்தான் சிற்றாறாகித் தென்காசி வழியே ஓடித் தாமிரபரணியில் கலக்கின்றது. அருவிக்கரையில் நாம் எறிவது, கீழே அந்நீரை நம்பி வாழும் ஊராரையன்றோ சென்று சேருகின்றது!

அருவிக்கரைக்கு மட்டுமன்று, மீலாது மேடைக்கும், கந்தூரிக்கும், திருமண ஊர்வலத்துக்கும் இதே வினா பொருந்தும். விழா முடிந்தபின் அண்டை அயலார் நம்மை வாழ்த்துகின்றனரா, வெறுக்கின்றனரா?

நாட்டின் சட்டம் இதற்கு வரம்பு வகுத்துள்ளது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியான ஒலி மாசு விதிகளின்படி, பொது இடத்தில் ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலமான அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, மூடிய கூடங்களுக்குள்ளன்றி வெளியே அது ஒலித்தல் கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மேற்படாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரமுண்டு. குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது அளவு. வேறுபாடு பத்துதானே என எண்ணற்க. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகின்றது. மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி வலயமாக அறிவிக்கப்படலாம்.

அதே 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில், சென்னையைச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவ சபையின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறர் அமைதியைக் குலைத்து வழிபட வேண்டுமென எச்சமயமும் கூறவில்லை என்பது அதன் சாரம். 2020-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், மனிதக் குரலால் பாங்கு சொல்வது மார்க்கத்தின் இன்றியமையாப் பகுதியே என்றும், ஒலிபெருக்கி அவ்வாறன்று என்றும் தெளிவுபடுத்தியது. இதைக் கேட்டு மனம் வருந்துவோர் சற்றே சிந்திக்கட்டும். பிலால் (ரலி) அவர்கள் உயர்ந்த இடத்தில் நின்று தம் குரலால் அழைத்தபோது எக்கருவி இருந்தது? பாங்கு என்றும் உள்ளது. கருவி நேற்று வந்தது.

ஒலியில் அடக்கம் நமக்குப் புதிய பாடமுமன்று. லுக்மான் (அலை) அவர்கள் தம் மைந்தருக்கு உரைத்த அறிவுரைகளுள் குரலைத் தாழ்த்துவதும் ஒன்றென்பதைத் திருமறை எடுத்தியம்புகின்றது. பயணத்தின்போது தோழர்கள் உரத்த குரலில் தக்பீர் முழங்கியபோது, செவிடனையோ இங்கில்லாதவனையோ நீங்கள் அழைக்கவில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். பள்ளிவாசலுக்குள் சிலர் உரக்க ஓதியபோது, ஒருவர் மற்றவருக்குத் தொல்லை தரலாகாது எனத் தடுத்தார்கள். இறைவேதத்தை ஓதுவதற்கே இவ்வரம்பு எனில், மேடைப் பேச்சுக்கும் இன்னிசைக் கச்சேரிக்கும் நாம் எவ்வாறு விலக்குக் கோர இயலும்? இரவெல்லாம் தொழுது, பகலெல்லாம் நோன்பு நோற்று, நாவினால் அண்டை வீட்டாரை வருத்திய பெண்மணியின் முடிவு நரகமே என்ற நபிமொழியும் நாம் அறிந்ததன்றோ! கூம்புக் குழாயின் முன் அமர்ந்து நாம் பெறும் நன்மையை, சுவருக்கு அப்பால் உறக்கமின்றித் தவிக்கும் நோயாளியின் பெருமூச்சு அழித்துவிடக் கூடாது.

அடுத்தது துப்புரவு. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள், உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை மூன்று வேலை நாட்களுக்கு முன்னரே உள்ளாட்சிக்கு அறிவிக்கவும், குப்பையைப் பிரித்து ஒப்படைக்கவும் பணித்தன. கூட்டம் நடத்துவோரிடம் முன்பணம் பெற்று, இடத்தைச் செம்மையாக ஒப்படைத்தால் திருப்பித் தரும் முறையும் பல இடங்களில் உண்டு. 2025 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அரசியல் கட்சிகளின் கூட்டங்களால் பொதுச் சொத்துக்கு நேரும் சேதத்தை ஈடுசெய்ய ஏன் முன்பே வைப்புத்தொகை பெறலாகாது என வினவியது.

வைப்புத்தொகை என்றதும், "ஜமாஅத்தாரிடமே நம்பிக்கை இல்லையா?" எனச் சிலர் சினம் கொள்கின்றனர். "அல்அமீன்" என்று மக்காவே போற்றிய பெருமானார் (ஸல்) அவர்களை விடவா நாம் நம்பிக்கைக்குரியோர்? அவர்கள் முப்பது ஸாஉ வாற்கோதுமைக்காகத் தம் போர்க் கவசத்தை யூதர் ஒருவரிடம் அடகு வைத்திருந்தார்கள். மறைந்தபோதும் அது மீட்கப்படாமலிருந்தது. "என்னை நம்பமாட்டாயா?" என அவர்கள் அவரிடம் வாதிடவில்லை. ஈடு கொடுப்பது இழிவன்று. வாக்கைக் காக்காமையே இழிவு.

வேறு சிலரோ, "பணம் கட்டியாயிற்று, பிடித்துக்கொள்ளட்டும்" எனக் குப்பையை விட்டு நகர்கின்றனர். இது பெருந்தவறு. அப்பணம் அசுத்தம் செய்வதற்குக் கொடுத்த விலையன்று. தூய்மை காப்போம் என்ற உறுதிமொழியின் ஈடு. உண்மையான அமானிதம் நகராட்சியின் பெட்டியில் இருக்கும் ரொக்கமன்று. நம் கையில் ஒரு நாளைக்கு ஒப்படைக்கப்பட்ட தெருவும் திடலும் அருவிக்கரையுமே. பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்றெனில், அதைப் பாதையில் இடுவது எதன் கிளை?

மதீனத்துப் பள்ளிவாசலைப் பெருக்கி வந்த ஓர் எளிய பெண்மணி மறைந்தார். அச்செய்தியைப் பெரிதாகக் கருதாமல் தோழர்கள் அடக்கம் செய்துவிட்டனர். நாயகம் (ஸல்) அவர்களோ அவரைக் காணாமல் வினவி, எனக்கு ஏன் அறிவிக்கவில்லை எனக் கேட்டு, அவருடைய கப்றுக்கே சென்று தொழுகை நடத்தினார்கள். விடியற்காலையில் நம் விழாத் திடலுக்குத் துடைப்பத்தோடு வந்து நிற்கும் தொழிலாளியை இனி அக்கண் கொண்டு நோக்குவோம். அவர் வருமுன்னரே நம் இளைஞர் பத்துப் பேர் சாக்குப் பைகளோடு அங்கு நிற்பார்களாயின், முன்பணமும் திரும்பும். ஊராரின் துஆவும் நமக்குக் கிட்டும். அதற்குரிய நல்லருளை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.