புதுப் பெயர்ப்பலகையும் பழைய கடனும்

விருதுநகர் மாவட்டத்தில் செட்டியார்பட்டி, தளவாய்புரம், முகவூர் பக்கம் தறியும் தையலும்தான் பல வீடுகளில் அடுப்பெரிய வைக்கின்றன. நூலோ துணியோ, பெரும்பாலும் கடனில்தான் கைமாறும். பணம் வரப் பல வாரம் ஆகும் என்று தெரிந்தேதான் சரக்கை இறக்குகிறார்கள். இப்படி நம்பிக்கையில் ஓடும் தொழிலில், "அந்தக் கம்பெனியை மூடியாச்சு, இது வேற கம்பெனி" என்று ஒருவர் சொன்னதும், பணம் வர வேண்டியவர் வாயடைத்துத் திரும்பிவிடுகிறார். அப்படித் திரும்ப வேண்டியதில்லை.

நஷ்டப்பட்டவர் மறுபடி தொழில் தொடங்குவது குற்றமில்லை. பிரைவேட் லிமிடெட் கம்பெனி சட்டத்தின் கண்ணில் தனி ஆள். அதன் கடன் பொதுவாகப் பங்குதாரரின் வீட்டையோ நகையையோ தொடாது. அந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால் துணிந்து தறி போடுபவர் யார்? தறியையும் ஆர்டரையும் அடிமாட்டு விலைக்குப் புதுக் கம்பெனிக்கு மாற்றி, கடனை மட்டும் பழைய பெயரில் விட்டுவைப்பதுதான் தவறு.

இதைப் பெரிய அளவில் நாடே பார்த்தது. 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டத்தில் முதலில் தீர்வு கண்ட கம்பெனி, விசாகப்பட்டினத்தில் கார் சக்கரம் செய்த சினர்ஜீஸ் டூரே. 2017 ஆகஸ்டில் வந்த உத்தரவின்படி, சுமார் 972 கோடி ரூபாய்க் கடனுக்குக் கிடைத்தது சுமார் 54 கோடிதான். கம்பெனியை எடுத்தது அதே குழுமத்தின் இன்னொரு கம்பெனியான சினர்ஜீஸ் காஸ்டிங்ஸ். திவால் வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தின் ஒப்புதலோடுதான் இது நடந்தது. ஆனாலும் கடனாளிகள் தங்கள் கம்பெனியையே மலிவாகத் திரும்ப எடுக்கலாமா என்ற கேள்வி வலுத்தது. அந்த நவம்பரிலேயே அவசரச் சட்டம் வந்தது. 29ஏ என்ற பிரிவு அந்த வாசலை அடைத்தது. 2018-இல் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். வேண்டுமென்றே கடனை ஏமாற்றியவர் என்ற முத்திரை விழாத சிறு முதலாளி, தீர்ப்பாயத்தின் வழியாகத் தன் கம்பெனியைத் தானே மீட்டெடுக்கலாம். இது நியாயமான சலுகை. ஊர்ப்பக்கம் பலருக்கு இது தெரியாததால்தான் குறுக்குவழி தேடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

குறுக்குவழி எதுவரை காப்பாற்றும்? வங்கிக் கடனுக்கு இயக்குநர் சொந்த ஜாமீன் போட்டிருந்தால், கம்பெனி திவாலானாலும் ஜாமீன் அவரை விடாது. உச்ச நீதிமன்றம் 2021 மே மாதம் இதை உறுதி செய்தது. கம்பெனியிடம் வசூலாகாத வருமான வரி, ஜிஎஸ்டி பாக்கிக்கு, தன் அலட்சியம் காரணமில்லை என்று நிரூபிக்காத இயக்குநர் பொறுப்பு. தொழிலை மொத்தமாக மாற்றிக்கொடுத்தால், அதற்கு முந்தைய ஜிஎஸ்டி பாக்கிக்கு வாங்கிய புதுக் கம்பெனியும் சேர்ந்தே பொறுப்பு. திவால் வழக்கு வந்தால், சொந்தக்காரருக்கோ சகோதரக் கம்பெனிக்கோ முந்தைய 2 ஆண்டுகளில் சாதகமாகக் கைமாற்றிய சொத்தைத் தீர்ப்பாயம் திரும்பக் கொண்டுவரலாம். ஏமாற்றும் நோக்கம் நிரூபணமானால் கம்பெனிச் சட்டத்தின் 447-ஆம் பிரிவில் 10 ஆண்டு வரை சிறைக்கு இடமிருக்கிறது.

"பதிவாளரிடம் மனுப் போட்டுப் பெயரை நீக்கிவிட்டால் முடிந்தது" என்று சிலர் யோசனை சொல்வார்கள். அந்த வழி கடனையெல்லாம் அடைத்து முடித்த கம்பெனிக்கு உரியது. இயக்குநர்கள் பிரமாணப் பத்திரமும் ஈட்டுறுதிப் பத்திரமும் எழுதிக்கொடுக்க வேண்டும். பெயர் நீங்கினாலும் அவர்கள் பொறுப்பு நீங்காது. கடன் கொடுத்தவரோ தொழிலாளியோ 20 ஆண்டுக்குள் தீர்ப்பாயத்தில் மனுச் செய்து, நீக்கிய கம்பெனியை உயிர்ப்பிக்கக் கேட்கலாம்.

இனி, பணம் வர வேண்டியவர்களுக்கு. காலக்கெடுவைத் தவறவிட்டே பலர் தோற்கிறார்கள். செக் திரும்பினால், வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். அது கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. கம்பெனி திவால் தீர்ப்பாயத்தில் இருந்தாலும், செக்கில் கையெழுத்திட்ட இயக்குநர் மீது வழக்கு ஓடும். சாதாரண வசூல் வழக்குக்கு 3 ஆண்டு. திவால் மனுவுக்கு 1 கோடி ரூபாய் பாக்கி வேண்டும் என்பதால் சிறியவர்களுக்கு அது எட்டாது. அவர்களுக்கு ஏற்றது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம். உத்யம் என்ற அரசுப் பதிவுள்ள குறு, சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தராதவர், வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டுவட்டியோடு தர வேண்டும். முறையீட்டைக் குறு, சிறு தொழில் வசதிக் கவுன்சில் விசாரிக்கும். சரக்கு அனுப்புவதற்கு முன்பே உத்யம் பதிவை முடித்துவிடுங்கள்.

தறிக்காரருக்கும் தையல் தொழிலாளிக்கும் ஒரு வார்த்தை. நிறுவனம் கைமாறினால், அதுவரையிலான பி.எப். பாக்கிக்குப் பழைய முதலாளியும் புதியவரும் சேர்ந்தே பொறுப்பு. திவாலில் கம்பெனி கலைக்கப்பட்டால், தொழிலாளரின் கடைசி 24 மாதப் பாக்கி, சொத்தை அடமானம் பிடித்த வங்கிக்குச் சமமான வரிசையில் நிற்கும். பி.எப். பணம் அந்தச் சொத்துக் கணக்கிலேயே சேராது. பாவ்நகர் அசோசியேட்டட் ரப்பர் கம்பெனி, போனஸைக் குறைக்க முதலீட்டைத் துணைக் கம்பெனிக்கு மாற்றியபோது, 1985-இல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் ஒன்றாகவே பார்த்துத் தொழிலாளர் பக்கம் நின்றது. ஆனால் சம்பளச் சீட்டும் பி.எப். பாஸ்புக்கும் கையில் இல்லாதவருக்கு எந்தத் தீர்ப்பும் உதவாது.

புதுக் கம்பெனியோடு கணக்குத் தொடங்கும் முன், கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்தில் இயக்குநர்கள் யார், சொத்து மீது அடமானம் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர்ப்பலகை மாறினாலும் இயக்குநரின் அடையாள எண் மாறாது.

வக்கீல் செலவுக்கு அஞ்சி உரிமையை விட்டுவிடாதீர்கள். விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றமும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கின்றன. பெண்களுக்கும், பட்டியலினத்தவருக்கும், ஆலைத் தொழிலாளருக்கும் அங்கே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம்.